ஆரல், சாட், காஸ்பியன்: எல்லா ஏரிகளும் ஒரே காரணத்தால்தான் வற்றுகின்றனவா?

வெண்மதி:

மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் நடத்துகிறேன். நீர்நிலைகள் பாடத்துக்காக நான்கு ஜோடி செயற்கைக்கோள் படங்களைத் திரையில் காட்டினேன். ஆரல் கடல், சாட் ஏரி, ஈரானின் உர்மியா, அமெரிக்காவின் மீட் நீர்த்தேக்கம். இடப்பக்கம் பழைய படம், வலப்பக்கம் புதியது. நான்குமே சுருங்கிப்போயிருக்கின்றன. படங்கள் வந்த கட்டுரை நான்குக்கும் ஒரே காரணத்தைச் சொல்லியிருந்தது: பருவநிலை மாற்றம்.

ஒரு மாணவி எழுந்து, "திபெத்துல ஏரிகள் பெருசாகிட்டே போகுதாமே மிஸ், அங்க மட்டும் பருவநிலை மாறலையா?" என்று கேட்டாள். விடை தேடப் போனால் ஒவ்வொரு ஏரிக்கும் ஒவ்வொரு கதை கிடைக்கிறது. சில ஏரிகளுக்கு இரண்டு கதை. சாட் ஏரி தொண்ணூறு விழுக்காடு வற்றிவிட்டது என்கிறது ஒரு கட்டுரை, இல்லை, மீண்டுகொண்டிருக்கிறது என்கிறது இன்னொன்று.

ஐம்பது, அறுபது ஆண்டு நீர்மட்டப் பதிவு கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோடு கீழே இறங்குகிறது. மழை குறைந்ததாலா, வெப்பம் கூடியதாலா, மேலே யாரோ தண்ணீரை எடுத்துக்கொண்டதாலா என்று எதை வைத்துப் பிரித்துச் சொல்வது? துறையில் இருப்பவர்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

கரையோரன்:

இதுல குழப்பமே வேண்டாம் மேடம். 2023-ல சயன்ஸ் இதழ்ல வந்த ஆய்வு ஒண்ணு இருக்கு. உலகத்தின் மிகப் பெரிய 1,972 ஏரிகளையும் நீர்த்தேக்கங்களையும் 1992-லிருந்து 2020 வரைக்கும் செயற்கைக்கோள்ல பார்த்திருக்காங்க. 53 விழுக்காட்டில் நீர் இருப்பு தெளிவாவே குறைஞ்சிருக்கு. புவி வெப்பமாதல்தான் அடிப்படை. ஏரிக்கு ஏரி தனித்தனிக் காரணம் தேட ஆரம்பிச்சா, பருவநிலை மாற்றமே பொய்யுன்னு சொல்றவங்களுக்குத்தான் அது வசதியாப் போகும்.

நீரளவன்:

டீச்சர், உங்கள் மாணவி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். நீரளவைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆற்றங்கரையிலும் அணையிலும் கேஜ் (நீர்மட்டம் காட்டும் அளவுகோல்) பார்ப்பது, பார்த்ததைக் கணக்காக்குவது, கணக்கு ஏன் இடிக்கிறது என்று தேடுவது, இதுதான் என் வேலையாக இருந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கரையோரன் தம்பி சொன்ன ஆய்வு நல்ல ஆய்வு. ஆனால் அதையே முழுதாகப் படித்தால், இயற்கை ஏரிகள் இழந்த நீரில் பாதிக்கு மேல் மனிதர் எடுத்துக்கொண்டதாலும் வெப்பமும் ஆவியாதலும் கூடியதாலும் போனது என்று சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். நீர்த்தேக்கங்களுக்கு வரும்போது வண்டலை முதல் காரணமாக வைக்கிறார்கள். உலகக் கணக்கில் 53 விழுக்காடு என்பது உண்மை. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு தனி ஏரிக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

நான் முதலில் பார்ப்பது, கோடு எந்த ஆண்டில் திரும்புகிறது என்பதை. படிபோல ஒரே ஆண்டில் விழுந்திருக்கிறதா, சரிவாக இறங்கியிருக்கிறதா என்பதை அடுத்து. அந்த ஆண்டு தெரிந்தால் காரணப் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் ஆண்டு மட்டும் போதாது, அளவும் பொருந்த வேண்டும். இதற்கு நைல் நதியைக் காட்டிலும் நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

அஸ்வானில் நைலின் ஆண்டு நீரோட்டம் 1871 முதல் 1970 வரை பதிவாகியிருக்கிறது. புள்ளியியல் மாணவர்கள் எல்லாரும் அந்தத் தரவைப் பார்த்திருப்பார்கள். 1898 வரை சராசரி ஆண்டுக்கு ஏறத்தாழ 110 கன கிலோமீட்டர். 1899 முதல் ஏறத்தாழ 85. நடுவில் சரிவே கிடையாது, ஒரே படி. அதே நேரத்தில்தான் அஸ்வானில் முதல் அணையைக் கட்டத் தொடங்கினார்கள். அணை கட்டினார்கள், ஆறு குறைந்தது என்று யாருக்கும் சொல்லத் தோன்றும். இனி அளவைப் பாருங்கள். அந்த அணை முடிந்தது 1902-ல். அதன் தொடக்கக் கொள்ளளவு சுமார் 1 கன கிலோமீட்டர். கட்டி முடிக்காத அணை, முடித்த பிறகும் ஒரு கன கிலோமீட்டர் மட்டுமே பிடிக்கும் அணை, ஆண்டுதோறும் 25 கன கிலோமீட்டரை எப்படி விழுங்கும்? குறைந்தது மழை. நைலின் ஊற்றுப் பகுதிகளில் வெப்பமண்டல மழை அந்தக் காலத்தில் குறைந்தது. ஆண்டு பொருந்தியும் அளவு பொருந்தாததால் அணை விடுபடுகிறது.

இன்னொன்று. ஹரால்டு எட்வின் ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1906-ல் எகிப்துக்குப் போய் வாழ்நாள் முழுக்க நைலையே அளந்தவர். 1951-ல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இது: ஆறுகளில் வறண்ட ஆண்டுகள் வறண்ட ஆண்டுகளோடும், நிறைந்த ஆண்டுகள் நிறைந்த ஆண்டுகளோடும் கூடி வருகின்றன. தற்செயலாக வந்தால் எவ்வளவு நேரம் நீடிக்குமோ அதைவிட அதிக காலம் நீடிக்கின்றன. முப்பது ஆண்டுத் தரவில் தெரியும் சரிவு, நூறாண்டுத் தரவில் ஓர் அலையின் இறங்குமுகமாக மட்டும் இருக்கலாம். அதனால் ஒரு வரைபடத்தைக் காட்டினால் அது எந்த ஆண்டில் தொடங்குகிறது, ஏன் அங்கே தொடங்குகிறது என்று கேட்காமல் நான் மேலே போவதில்லை.

இதைக் கேட்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு காஸ்பியன் இருக்கிறது. 1929-ல் இறங்கத் தொடங்கிய அந்தக் கடல் 1977-ல் ஏறத்தாழ 3 மீட்டர் தாழ்ந்திருந்தது. அதில் வந்து சேரும் வோல்கா ஆற்றில் வரிசையாக அணைகள் வந்தன, பாசனத்துக்கு நீர் போனது, ஆகவே இனி இறங்கிக்கொண்டேதான் இருக்கும் என்று சோவியத் பொறியாளர்கள் முடிவு செய்தார்கள். கடலின் கிழக்கே காரா-போகாஸ்-கோல் என்று பெரிய வளைகுடா. குறுகிய வாய் வழியாகக் கடல்நீர் உள்ளே பாய்ந்து, அந்த வறண்ட வெயிலில் ஆவியாகும். அந்த வாயை அடைத்துவிட்டால் அவ்வளவு நீர் மிச்சம் என்று 1980-ல் குறுக்கே கரை போட்டார்கள். சில ஆண்டுகளிலேயே வளைகுடா காய்ந்து உப்புத் திடலானது. அங்கே நடந்த உப்பெடுப்புத் தொழில் படுத்தது. காற்றில் உப்புத்தூள் பறந்தது. கடல் மட்டமோ, கரை போடுவதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1978-லேயே, ஏறத் தொடங்கியிருந்தது! 1995 வரை ஏறத்தாழ இரண்டரை மீட்டர் ஏறியது. கரையோரத்துக் கட்டடங்களும் சாலைகளும் மூழ்கின. 1992-ல் கரையை உடைத்து வளைகுடாவுக்கு மறுபடி நீர் விட்டார்கள்.

அவர்கள் தரவு இல்லாமல் முடிவெடுக்கவில்லை. 1930-களின் பெரிய இறக்கம் வோல்காவின் பெரும் நீர்த்தேக்கங்கள் நிரம்புவதற்கு முன்பே பெரும்பகுதி நடந்துவிட்டது. அது மழைக்குறைவு. அணைகளின் பங்கு பின்னால் வந்து சேர்ந்தது. இரண்டையும் ஒரே கோடாகப் பார்த்து அணைகளின் கணக்கில் எழுதிவிட்டார்கள். மழை திரும்பி வந்ததும் வோல்காவும் பெருகியது, கடலும் ஏறியது.

உங்கள் நான்கு படங்களில் ஆரலும் சாடும் ஏறக்குறைய எதிரெதிர் துருவம். ஆரலுக்கு 1960 வரை ஆமு தாரியா, சிர் தாரியா என்ற இரண்டு ஆறுகளும் ஆண்டுக்கு 50 கன கிலோமீட்டருக்கு மேல் கொண்டுவந்தன. பருத்திக்காக இரண்டையும் வாய்க்கால்களில் திருப்பிய பிறகு, 1980-களில் சில ஆண்டுகள் கடலை எட்டியது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மலையில் மழையும் பனியும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மேலே ஆற்றில் நீர் இருக்கிறது, கீழே இல்லை. இடையில் எடுத்திருக்கிறார்கள். இதைச் சொல்வதற்கு வேறு நிபுணத்துவம் தேவையில்லை, மேலே ஒரு கேஜும் கீழே ஒரு கேஜும் போதும்.

சாடில் வாய்க்கால் கதை அவ்வளவு பெரிதில்லை. அதன் வரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில் ஷாரி, லோகோன் ஆறுகள் தருகின்றன. 1970-களிலும் 80-களிலும் சகாராவுக்குத் தெற்கே உள்ள சாகேல் பகுதி முழுவதும் பெரும் வறட்சி, ஆறுகள் இளைத்தன. ஏரியோ சில மீட்டர் ஆழமே உள்ள தட்டை ஏரி, மட்டம் கொஞ்சம் இறங்கினாலே ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் வெளியே வந்துவிடும். அதனால்தான் படத்தில் அவ்வளவு கோரமாகத் தெரிகிறது. 1990-களில் இருந்து மழை ஓரளவு திரும்பியது, ஏரியும் ஓரளவு மீண்டது. நீங்கள் படித்த இரண்டு கதையும் உண்மைதான், ஒன்று 1963-ஐயும் 1980-களையும் ஒப்பிடுகிறது, மற்றது 1980-களையும் இன்றையும். பாசனத்தின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வறட்சி பெரும்பங்கு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கரையோரன்:

சார், மரியாதையோட கேட்கிறேன். நைல்ல இயற்கை, காஸ்பியன்ல இயற்கை, சாட்ல வறட்சி, ஆரல்ல பருத்தி. அப்போ வெப்பமாதல் எங்கதான் வேலை செய்யுது? நீங்க சொல்றதைப் படிச்சா, எல்லாம் பழைய ஏற்ற இறக்கம்தான்னு ஒருத்தர் எடுத்துக்க மாட்டாரா?

நீரளவன்:

எடுத்துக்கொள்ளக்கூடாது தம்பி. வெப்பம் எங்கே வேலை செய்கிறது என்பதைச் சரியாகக் காட்ட வேண்டும் என்பதற்காகத்தான் மற்றதை எல்லாம் பிரித்து வைக்கிறேன். எல்லாவற்றுக்கும் அதையே சொன்னால், அது உண்மையாகவே இருக்கும் இடத்திலும் நம்மை நம்ப மாட்டார்கள்.

அதே காஸ்பியனைப் பாருங்கள். 1996-லிருந்து மறுபடி இறங்குகிறது. இந்த இறக்கத்தில் வோல்கா வரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் பற்றாக்குறை வருகிறது. கடல் மேற்பரப்பில் ஆவியாதல் கூடியதைச் சேர்த்தால்தான் கணக்கு நேராகிறது. 1930-களின் இறக்கமும் இன்றைய இறக்கமும் வரைபடத்தில் அண்ணன் தம்பிபோலத் தெரியும், உள்ளே நடப்பது வேறு வேறு.

கொலராடோ நதியும் அப்படித்தான், டீச்சரின் மீட் நீர்த்தேக்கம் அதில்தான் இருக்கிறது. 2000-க்குப் பிறகு அந்த ஆற்றில் நீர் குறைந்த அளவுக்கு மழையும் பனியும் குறையவில்லை. மீதியை வெப்பம் எடுத்துக்கொள்கிறது. மலைப்பனி சீக்கிரம் உருகிவிட்டால் வெள்ளைத் தரை போய்க் கறுத்த தரை வெயிலை வாங்குகிறது, மண் காய்கிறது, ஆற்றுக்கு வரவேண்டியது காற்றுக்குப் போகிறது. மில்லி, டன் என்ற இருவர் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் வெப்ப உயர்வுக்கும் ஆற்றின் ஆண்டு ஓட்டம் 9.3 விழுக்காடு குறைகிறது. உங்கள் வாதத்துக்கு உலகச் சராசரியைவிட இந்த ஓர் ஆறு வலுவான சான்று.

திபெத்துக்கு வருகிறேன். அங்கே பெரும்பாலான ஏரிகளுக்கு வெளியேறும் வழி கிடையாது. வருவதும் ஆவியாவதும்தான் கணக்கு. 1990-களின் நடுவிலிருந்து அந்தப் பீடபூமியில் மழை கூடியது, பனியாறுகளும் உருகிச் சேர்கின்றன. சிலிங் சோ ஏரி வளர்ந்து வளர்ந்து, நெடுங்காலம் தன்னைவிடப் பெரிதாக இருந்த 'நம் சோ' என்ற ஏரியை முந்திவிட்டது. ஆக, பருவநிலை அங்கேயும் மாறியிருக்கிறது, மாறியதால்தான் ஏரி வளர்கிறது. பனியாறு தரும் பங்கு என்றைக்கும் வந்துகொண்டே இருக்காது, பனி இருக்கும் வரைதான். மாணவிக்கு இதையும் சொல்லுங்கள்.

வெண்மதி:

நன்றி ஐயா. மேலே ஒரு கேஜ், கீழே ஒரு கேஜ் என்பதை அப்படியே வகுப்புக்கு எடுத்துப் போகிறேன். நீர்த்தேக்கங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா? அணையில் நூறடி என்றால் அது எப்போதும் அதே அளவு தண்ணீர்தானே? வண்டல் எப்படி முதல் காரணமாகும்?

நீரளவன்:

அதே நூறடி, ஆனால் அதே தண்ணீர் இல்லை டீச்சர். அணையில் மட்டத்தைத்தான் அளக்கிறோம், கொள்ளளவை அளப்பதில்லை. மட்டத்தை ஓர் அட்டவணையில் வைத்துக் கொள்ளளவைப் படிக்கிறோம். அந்த அட்டவணை அணை கட்டும்போது காய்ந்த பள்ளத்தாக்கை அளந்து போட்டது. ஆண்டுக்கு ஆண்டு வெள்ளம் கொண்டுவரும் மண் உள்ளே படிந்துகொண்டே போகும். படகில் போய் அடியை மறுபடி அளக்கும்வரை அட்டவணை பழைய கொள்ளளவையே சொல்லிக்கொண்டிருக்கும். நிரம்பிவிட்டது என்று செய்தி வரும், ஆனால் கோடைக்கு முன்பே தீர்ந்துபோகும். அணைப் பணியில் இருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

வண்டல் நாம் நினைப்பதுபோல் அணையின் காலடியில் முதலில் சேராது. ஆறு நீர்த்தேக்கத்துக்குள் நுழையும் இடத்தில் வேகம் செத்து, கனத்த மணலை அங்கேயே போட்டுவிடும். மெல்லிய களிமண் மட்டும்தான் உள்ளே தூரம் வரை மிதந்து போய் அடங்கும். நீர் வடிந்த காலத்தில் மேல்முனையில் போய் நின்றால், நுழைவாயில் ஒரு கழிமுகம்போல விரிந்திருக்கும். மணல்மேட்டின் மேல் நாணல் முளைத்திருக்கும், ஆறு இரண்டு மூன்றாகப் பிரிந்து அதன் நடுவே வழி தேடிக்கொண்டு போகும். அங்கே போனவர்கள் வண்டலைப் பற்றி மறுபடி சந்தேகம் கேட்டதை நான் பார்த்ததில்லை.

உச்சம் என்றால் மஞ்சள் ஆற்றின் சன்மென்சியா அணை. 1960 செப்டம்பரில் நீர் பிடிக்கத் தொடங்கினார்கள். ஒன்றரை ஆண்டில் மேல்முனையில் தோங்குவான் என்ற இடத்தில் ஆற்றுப்படுகை நாலரை மீட்டர் உயர்ந்துவிட்டது. துணையாறான வெய் ஆறு வடிய வழியில்லாமல் பின்வாங்கி, மேலே உள்ள ஊர்களுக்கே வெள்ள ஆபத்து. ஹுவாங் வான்லி என்ற பொறியாளர் 1957-லேயே இதை எதிர்த்துச் சொல்லியிருந்தார், கேட்கவில்லை. 1962-ல் நீர் தேக்குவதைக் கைவிட்டு வெள்ளத்தை மட்டும் தடுக்கும் அணையாக மாற்றினார்கள். பிறகு அடிமதகுகளைத் திறந்தும் புதிதாகக் குடைந்தும் மண்ணை வெளியே தள்ள வழி செய்தார்கள். எல்லா அணையும் இவ்வளவு வேகமாகத் தூர்வதில்லை. கொலராடோவின் பவல் நீர்த்தேக்கம் 1963-க்கும் 2018-க்கும் இடையே ஏழு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக இழந்தது. ஆனால் இழந்தது இழந்ததுதான், மழை வந்தாலும் அந்த இடம் திரும்பாது.

மீட் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அங்கே சிக்கல் நீர்த்தேக்கம் கட்டும் முன்பே தொடங்கிவிட்டது. 1922-ல் கொலராடோ நதிநீரைப் பங்கிட்டு ஒப்பந்தம் போட்டார்கள். மேல்பகுதிக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் நீர்தான் ஓர் ஏக்கர் அடி), கீழ்ப்பகுதிக்கு 75 லட்சம். பின்னர் 1944 உடன்படிக்கையில் மெக்சிகோவுக்கு 15 லட்சம். அப்போது கையில் இருந்த பதிவு மிகக் குறுகியது, அதுவும் நல்ல மழைக்காலம். 1976-ல் ஸ்டாக்டன், ஜேக்கபி என்ற இருவர் மர வளையங்களை வைத்துப் பல நூற்றாண்டு ஓட்டத்தை மீட்டெடுத்தபோது நீண்டகாலச் சராசரி 1.35 கோடி ஏக்கர் அடிக்கு அருகில்தான் வந்தது. பங்கிட்டதோ 1.65 கோடி. இல்லாத தண்ணீரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதன் மேல் வெப்பமும் சேர்ந்தது. 1983-ல் உபரிநீர் வழிந்தோடிய அந்த நீர்த்தேக்கம் 2022 ஜூலையில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,040 அடிக்கு இறங்கியது, முதன்முறையாக நிரம்பிக்கொண்டிருந்த 1937-க்குப் பிறகு அவ்வளவு தாழ்ந்ததே இல்லை. உங்கள் நான்காவது படத்துக்குக் கீழே பருவநிலை மாற்றம் என்று மட்டும் எழுதினால் ஒப்பந்தம் தப்பித்துவிடும்.

நன்னீர்:

நான் ஏரி நீரின் தரத்தைப் படிப்பவள். நீரளவன் ஐயா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். மட்டம் ஓர் அங்குலம்கூட மாறாமல் ஓர் ஏரி முழுவதுமாக மாறிப்போகலாம். செயற்கைக்கோள் பரப்பளவில் அது தெரியாது.

ஆப்பிரிக்காவின் தான்கனீகா ஏரி மேலே சூடாகிவிட்டது. சூடான நீர் இலேசானது, மேலேயே நிற்கும். அடியில் கிடக்கும் ஊட்டச்சத்து மேலே கலந்து வருவது குறைந்து, பாசியும் அதை நம்பிய மீனும் குறைந்தன. 2021-ல் வந்த ஓர் ஆய்வு மிதவெப்ப மண்டலத்தின் 393 ஏரிகளை எடுத்துக்கொண்டது. 1980-க்குப் பிறகு ஆழ்நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ 19 விழுக்காடு குறைந்திருக்கிறது. கரையில் நின்று பார்ப்பவருக்கு அதே ஏரி, அதே நீலம்.

காரணத்தைப் பிரிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் துறையில் அதற்கு ஒரு புகழ்பெற்ற சோதனை உண்டு. 1973-ல் கனடாவில் டேவிட் ஷிண்ட்லரின் குழு, 226 என்று எண்ணிட்ட சிறிய ஏரியைக் குறுக்கே ஒரு திரை போட்டு இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் போட்ட பாதி பச்சைப் பசேல் என்று பாசி பிடித்தது, மற்றது தெளிவாகவே நின்றது. விமானத்தில் இருந்து எடுத்த அந்தப் படத்தை வகுப்பில் காட்டுங்கள். நாலு பக்கம் எழுதி விளக்க வேண்டியதை அது ஒரு பார்வையில் சொல்லிவிடும்.

சோதனை செய்ய முடியாத பழைய காலத்துக்கு ஏரியின் அடிச்சேற்றையே படிக்கிறோம். குழாயை இறக்கிச் சேற்றுத் தண்டு ஒன்றை எடுத்து, சென்டிமீட்டர் சென்டிமீட்டராக அரிந்து, ஒவ்வொரு துண்டிலும் டயாட்டம் என்ற நுண்பாசிகளின் ஓடுகளை எண்ணுவோம். தெளிந்த நீரில் வாழும் இனங்கள் எந்த அடுக்கில் குறைந்து, சத்து மிகுந்த நீரில் வாழும் இனங்கள் எந்த அடுக்கில் கூடுகின்றன என்று பார்ப்போம். அணுகுண்டுச் சோதனைகளிலிருந்து வந்து படிந்த சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் உச்சமாக இருக்கும் அடுக்கு 1963-ஐக் குறிக்கும். அதிலிருந்து மேலும் கீழும் ஆண்டு போடலாம். கேஜ் வைப்பதற்கு முந்தைய காலத்துக்கும் இப்படித்தான் போகிறோம்.

வெண்மதி:

226-ம் ஏரியின் படம் கிடைத்துவிட்டது, அருமை. ஆறுகளைப் பற்றி ஒரு கேள்வி பாக்கி. ஏரியில் மட்டம் குறைந்தால் நீர் குறைந்தது என்று பொருள். ஆற்றிலும் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

நீரளவன்:

கூடாது. ஆற்றில் மட்டமும் ஓட்டமும் வேறு. படுகை தாழ்ந்தால், அதே ஓட்டம் தாழ்ந்த மட்டத்தில் போகும். மணல் அள்ளிய ஆறுகளில் இது வெளிப்படை. மேகாங்கில் படுகை தாழ்ந்ததால் மழைக்காலத்தில் ஆறு முன்போல உயர்வதில்லை. அதனால் மழைக்காலத்தில் மேகாங்கிலிருந்து கம்போடியாவின் தோன்லே சாப் ஏரிக்குள் பின்னோக்கிப் பாயும் நீர் குறைந்திருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆற்றில் தண்ணீர் குறையாமலே ஏரி பட்டினி கிடக்கலாம்.

கேஜும் பொய் சொல்லும். கரையில் கிணறுபோல ஒன்று கட்டி, குழாய் வழியாக ஆற்றோடு இணைத்து, உள்ளே மிதவையை விட்டிருப்பார்கள். வெள்ளத்தில் குழாய் வாயில் சேறு அடைத்துவிட்டால் மிதவை அசையாது. ஆறு கரை புரண்டு போய் வடிந்தும் இருக்கும், தாளிலோ மட்டக்கோடு நேராக ஓடியிருக்கும். பிற்காலத்தில் யாரோ அதைச் சராசரியில் சேர்த்து, அந்த ஆண்டு வெள்ளமே வரவில்லை என்று எழுதுவார். பதிவில் திடீர் நேர்கோட்டையோ திடீர்ப் படியையோ பார்த்தால், கேஜை இடம் மாற்றினார்களா, சேறு அடைத்ததா என்று களப் புத்தகத்தைத் தேடிப் பாருங்கள். பருவநிலையைப் பற்றி யோசிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்து, மழையில்லாத மாதங்களில் ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் நிலத்தடியிலிருந்து கசிந்து வருவது. சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகி நிலத்தடி மட்டம் படுகைக்குக் கீழே போய்விட்டால், ஆற்றுக்கு ஊறி வந்தது நின்று, ஆறே ஊறி உள்ளே போகும். ஆற்றிலிருந்து யாரும் ஒரு குடம்கூட எடுத்திருக்க மாட்டார்கள். வெள்ளக்கால ஓட்டம் மாறாமல் கோடை ஓட்டம் மட்டும் செத்துக்கொண்டு வந்தால் கிணறுகளைச் சந்தேகியுங்கள். உர்மியாவிலும் அணைகளோடு கிணறுகளையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

மனம் விட்டுப்போகாமல் இருக்க மஞ்சள் ஆற்றையே மறுபடி சொல்கிறேன். 1997-ல் அது கடலை எட்டாமல் 226 நாள் காய்ந்து கிடந்தது. மேலே ஒவ்வொரு மாகாணமும் தன் பங்குக்கு மேல் எடுத்தது. 1999-ல் ஆறு முழுவதுக்கும் ஒரே நிர்வாகம் நீரைப் பங்கிடத் தொடங்கியதும் நிலைமை மாறியது, 2000-க்குப் பிறகு அதன் கீழ்ப்பகுதி அப்படிக் காயவில்லை. ஆரலிலும் வடக்குத் துண்டை மட்டும் பிரித்து 2005-ல் கோக்-அரல் அணையைக் கட்டியதும் எதிர்பார்த்ததைவிட வேகமாக நிரம்பியது, உப்புக் குறைந்தது, மீன் திரும்பியது. காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்த இடங்கள் இவை, அதனால்தான் மருந்து வேலை செய்தது. காஸ்பியனில் போட்ட கரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெண்மதி:

மாணவர்களுக்கே ஓர் ஏரியைக் கொடுத்துக் காரணம் கண்டுபிடிக்கச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். எதைக் கொடுக்கலாம்?

நீரளவன்:

விக்டோரியா ஏரியைக் கொடுங்கள். ஒரே ஏரியில் இரண்டு நிகழ்ச்சி, இரண்டு வேறு காரணம். 1961-ன் கடைசியில் பெருமழை, 1964-க்குள் ஏரி இரண்டு மீட்டருக்கு மேல் ஏறியது. வெளியேறும் வாயில் ஓவன் ஃபால்ஸ் அணை 1954-ல் வந்திருந்ததால் அணைமேல் சந்தேகம் வரும். ஆனால் அந்த அணையோடு தொடர்பே இல்லாத தான்கனீகாவும் அதே ஆண்டுகளில் ஏறியது. அண்டை ஏரியைப் பார்க்கும் பழக்கம் இதில் வந்துவிடும். பிறகு 2004 முதல் 2006 வரை ஏரி வேகமாக இறங்கியது. அப்போது வறட்சி இருந்தது, கூடவே மின் உற்பத்திக்காக ஒப்புக்கொண்ட அளவைவிட அதிகமாக நீரைத் திறந்துவிட்டார்கள். இரண்டும் ஏறத்தாழ சரிபாதி என்கின்றன கணக்குகள். மழை அட்டவணை, மட்டம், வெளியேற்றம் மூன்றையும் கொடுங்கள், அணையைப் பற்றி முதலில் சொல்லாதீர்கள். 2020-ல் மட்டம் 1964-ஐயும் தாண்டியதை விரும்பினால் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. பழைய மட்டங்கள் ஏரிக்கரையில் ஜிஞ்சா என்ற ஊரில் உள்ள கேஜின் பூஜ்யத்திலிருந்து அளந்தவை. 1992-க்குப் பிறகு கிடைக்கும் செயற்கைக்கோள் மட்டங்களுக்கு அடிப்படை வேறு. இரண்டையும் அப்படியே ஒட்டினால் ஒட்டிய இடத்தில் ஒரு பொய்ப்படி வரும், மாணவர்கள் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டும் இருக்கும் ஆண்டுகளில் வித்தியாசத்தின் சராசரியை எடுத்துக் கழித்துவிட்டுக் கொடுங்கள்.